திறப்பை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள்: கொழும்புத் தமிழ்மொழிப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் முன்பல் ஒன்றில் ஒரு மூலை இல்லை. நாக்குக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் அது அங்கேதான் போய்த் தடவிக்கொண்டிருக்கும். தரம் 8 படிக்கும்போது, ஒரு திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், தேவாரம் முடிந்து அறிவித்தல் வாசிக்கத் தொடங்கிய நேரம் விழுந்தேன். எனக்கு வந்த முதல் வலிப்பு அது. பல்லை உடைத்தது வலிப்பு இல்லை, ஒரு கரண்டி. நாக்கைக் கடித்துத் துண்டாக்கிவிடுவேன் என்று பயந்த டீச்சர் ஒருவர் கன்டீனுக்கு ஓடிப்போய் அதை எடுத்துவந்து, இறுகிப் பூட்டியிருந்த பல்லுக்குள் செருகப் பார்த்திருக்கிறார். இன்னொரு சேர் விஞ்ஞான ஆய்வுகூடத்துத் திறப்புக் கோர்வையை என் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்திருக்கிறார். கண் விழித்தபோது எனக்குத் தெரிந்த முதல் பொருள் அதுதான். ஒரு மரத்துண்டில் கட்டிய நாலைந்து இரும்புத் திறப்புகள். அவற்றின் பற்கள் உள்ளங்கையில் பதிந்த அடையாளம் பின்னேரம் வரை போகவில்லை.

இரண்டு பேரும் நல்லவர்கள். என்னைக் காப்பாற்றத்தான் ஓடினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் நடந்து 30 வருடமாகிறது. அண்மையில் என் மகளோடு படிக்கும் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, விஞ்ஞானத்தில் எப்போதும் 90க்கு மேல். “வகுப்பிலை ஒராளுக்கு பிட்ஸ் வந்தால் என்ன செய்வீங்கள்?” என்று சும்மா கேட்டேன். யோசிக்கவே இல்லை. “கையிலை திறப்புக் குடுக்கோணும் அன்ரி” என்றாள்.

அன்று இரவே இந்த மடலை எழுதத் தொடங்கிவிட்டேன்.

சுகாதார அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பிற்பகல் 1.30க்கு உங்கள் வாசலில் போய் நின்று பாருங்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாத்தாமார், குடையோடு ஆச்சிமார், இடுப்பில் சின்னவனை வைத்துக்கொண்டு பெரியவளுக்குக் காத்திருக்கும் அம்மாமார், ஸ்கூல் வான் சாரதிகள், ஓட்டோக்காரர், மாங்காய் அச்சாறு விற்பவர். உள்ளே ஆறு வயதுப் பிள்ளை, வெளியே எண்பது வயதுக் கிழவர். கொழும்பில் எல்லா வயதுத் தமிழ் பேசும் சனமும் ஒன்றாக நிற்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? கோயிலுக்கு ஒரு பகுதி வரும், பள்ளிவாசலுக்கு ஒரு பகுதி, தேவாலயத்துக்கு ஒரு பகுதி. உங்கள் கேற்றடிக்கு எல்லாரும் வருவார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு நீரிழிவு என்றால் அதைப் பற்றி நான் படித்து வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். வலிப்பு அப்படி இல்லை. என் வருத்தத்தைப் பற்றி எனக்கு நிறையவே தெரியும். ஆனால் அது வரும் அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு நினைவு இருக்காது. தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் என்னோடு சேர்ந்து தரையில் கிடக்கும். அப்போது விஷயம் தெரிந்திருக்க வேண்டியது என் பக்கத்தில் நிற்பவருக்கு. அவர் தரம் 6 பிள்ளையாக இருக்கலாம், கொண்டக்டராக இருக்கலாம், மரக்கறி வாங்க வந்த ஆச்சியாகவும் இருக்கலாம். கிளினிக்கில் வைத்தியர் சொல்லும் புத்திமதி எனக்குத்தான் கிடைக்கிறது. அவர்களுக்கு யார் சொல்வது?

இந்தத் திறப்பு விஷயத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இரும்புத் திறப்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று ஏன் இத்தனை தலைமுறையாக நம்புகிறார்கள்? ஒரு விடை சுலபம். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். திறப்பைத் தேடி எடுத்து, கைக்குள் திணித்து, விரலை மூடுவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. பெயர் திறப்புக்குப் போகிறது. சப்பாத்தை மணக்கக் கொடுத்தாலும், வெங்காயத்தை நசித்து மூக்கில் பிடித்தாலும் இதே கதைதான்.

மற்ற விடை எனக்கு மெல்லத்தான் பிடிபட்டது. கண்முன்னே ஒருவர் விறைத்து விழுந்து, உடம்பு உதறி, வாயில் நுரை தள்ளும்போது பார்த்துக்கொண்டு நிற்பவரின் கை சும்மா இருக்காது. அதற்கு ஒரு வேலை வேண்டும். திறப்பு அந்த வேலையைக் கொடுத்தது. ஆகவே “அது மூடநம்பிக்கை, செய்யாதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சனம் கேட்காது. வெறுங்கையோடு நிற்க எவராலும் முடியாது. அந்தக் கைக்கு வேறு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு பஸ் கொண்டக்டர் பொடியன்.

2022 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார சபை கூடி, வலிப்பு நோய்க்கும் மற்ற நரம்பியல் நோய்களுக்கும் என்று 2031 வரையான உலகச் செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதே நாட்களில் நான் வெள்ளவத்தையில் ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். நாட்டில் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, மருந்தும் இல்லை. கிளினிக்கில் எப்போதும் இலவசமாகத் தரும் குளிசையை வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்தார்கள். ஒரு கடையில் அரை அட்டை கிடைத்தது, இன்னொரு கடையில் வேறு கம்பனியின் குளிசை. இரவுக் குளிசையைப் பாதியாக உடைத்துச் சமாளிக்கலாம் என்று நானே முடிவெடுத்தேன். கணக்குப் பார்ப்பவள் இல்லையா, எல்லாவற்றையும் பங்கு பிரிக்கத்தான் மூளை போகும். ஆறு வருடம் எட்டிப் பார்க்காத வலிப்பு ஒன்பதாம் நாள் வந்தது.

காலி வீதியில், புறக்கோட்டைக்குப் போகும் 101 பஸ்ஸில். எரிபொருள் தட்டுப்பாட்டால் பஸ்கள் குறைந்து, இருக்கிற பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லாமல் சனம். பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டுமுன் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. முன் சீற்றில் இருந்த ஒரு தமிழ் அம்மா, எழுபதுக்கு மேல் இருக்கும், பிறகு எனக்குச் சொன்னதுதான் இது.

நான் விழுந்த உடனே அவர் கைப்பையைத் திறந்து வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பியிருக்கிறார். கொண்டக்டர் பொடியன் சிங்களவர். கூட்டத்தை விலக்கி, நின்றவர்களை இறக்கி, சீற்றின் இரும்புக் காலில் என் தலை மோதாமல் தன் காசுப் பையை அடியில் வைத்திருக்கிறார். அப்புறம் இந்த அம்மாவின் கையில் திறப்பைக் கண்டிருக்கிறார். ஏசவில்லை, தட்டிவிடவும் இல்லை. தன் கைபேசியை எடுத்து நேரம் தெரிகிற மாதிரி அவர் கையில் கொடுத்து, “ஆச்சி, வெலாவ பலன்ன” என்றாராம். நேரத்தைப் பாருங்கோ. ஆச்சி என்ற சொல் நமக்கும் அவர்களுக்கும் பொது என்பது எவ்வளவு வசதி! அம்மா திறப்பைப் பையில் போட்டுவிட்டு, மற்ற எதையும் பார்க்காமல் நேரத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். “ரெண்டு நிமிசமும் பத்து செக்கனும் பிள்ளை, நான் பாத்தனான்” என்று பரீட்சையில் பாஸான குரலில் என்னிடம் சொன்னார்.

உதறல் நின்றதும் அந்தப் பொடியன் என்னை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, தன் துவாயால் என் இடுப்புக்குக் கீழே மூடியிருக்கிறார். சிறுநீர் போயிருந்தது. அந்தத் துவாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். நான் முழித்து மலங்க மலங்கப் பார்த்தபோது, “பய வென்ன எப்பா அக்கே” என்று மட்டும் சொன்னார். பயப்படாதீங்கோ அக்கா. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். பாடசாலையில் சாரணர் குழுவில் இருந்தபோதாம்.

பாடசாலையில். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பொடியன் செய்ததைத் தவிர இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சுற்றி இருக்கும் கதிரை, மேசையை நகர்த்த வேண்டும். தலைக்குக் கீழே மெதுவான ஏதாவது வைக்க வேண்டும், புத்தகப் பையும் போதும். கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, கண்ணாடியைக் கழற்றி, நேரத்தைக் குறிக்க வேண்டும். கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, எலும்பு முறியும், தோள் மூட்டு விலகும். வாய்க்குள் கரண்டியோ துணியோ விரலோ எதுவும் போகக் கூடாது. நாக்கை விழுங்குவது என்று ஒன்று நடக்காது. நாக்கு கடிபடலாம், அது ஆறிவிடும். பல்லு திரும்பி முளைக்காது, எனக்குத் தெரியும். உதறல் நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துவிட்டால் எச்சில் வெளியே வடியும், மூச்சு சீராகும். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். எழும்பும் பிள்ளை கொஞ்ச நேரம் குழம்பிப்போய் இருக்கும், தலையிடிக்கும், நித்திரை வரும். விட்டுவிடுங்கள், தூங்கட்டும்.

மணிக்கூடு எதற்கு என்றால், 5 நிமிடம் தாண்டியும் உதறல் நிற்காவிட்டால் அது அவசரம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது எல்லா மாகாணத்திலும் ஓடுகிறது, காசு இல்லை. நினைவு திரும்பாமலே இரண்டாவது வலிப்பு வந்தாலும், அது வாழ்நாளின் முதல் வலிப்பாக இருந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், விழுந்ததில் பலமாக அடிபட்டாலும், மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும் 5 நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பதற்றத்தில் அரை நிமிடமும் அரை மணியாகத் தோன்றும். அதனால்தான் மனக்கணக்கு உதவாது.

விழுந்து உதறுவது மட்டும்தான் வலிப்பு என்று நினைத்திருந்தால், இனிச் சொல்லப்போவது ஆசிரியர்களான உங்களுக்குத்தான் மிக முக்கியம்.

எங்கள் தொடர்மாடியில், மூன்றாம் மாடியில், ஒரு பையன். அப்போது தரம் 3. அவனுடைய சொல்வதெழுதல் கொப்பியை அவன் அம்மா ஒருநாள் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் “கவனம் போதாது”, “வகுப்பில் கனவு காண்கிறார்”. நான் எழுத்தைப் பார்த்தேன். வசனம் நன்றாகத் தொடங்குகிறது, எழுத்தும் அழகு. நடுவில் ஒரு சொல்லில் பென்சில் கோடு கீழே இழுபட்டு நிற்கிறது. அடுத்து இரண்டு மூன்று சொற்கள் இல்லை. பிறகு வசனம் ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி நாலு இடம். கவனம் இல்லாத பிள்ளையின் கொப்பி அப்படி இருக்காது. மின்சாரம் விட்டு விட்டு வந்த மாதிரி இருந்தது அது.

சிறுவர் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். வைத்தியர் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்து, வேகமாக ஊதிக்கொண்டே இரு என்றார். பையன் சிரித்துக்கொண்டு ஊதினான். ஒரு நிமிடம் தாண்டியிருக்கும். ஊதல் நின்றது. கண் திறந்தபடி, இமை மட்டும் மெல்லத் துடிக்க, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கடதாசி கையில் அப்படியே. பத்துச் செக்கன் இருக்குமா? பிறகு திரும்பவும் ஊதத் தொடங்கினான், நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி. அவன் அம்மா அழுதுவிட்டார். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை இதற்குத்தான் அடி வாங்கியிருக்கிறது.

நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் அனேகமாகத் தொடங்கும் இந்த வகை, ஒரு நாளில் பத்து முறைக்கு மேலும் வரக்கூடும். விழ மாட்டார்கள், நுரை வராது. இதைக் கண்டுபிடிக்க வைத்தியரைவிட வகுப்பாசிரியருக்குத்தான் வாய்ப்பு அதிகம். வைத்தியர் பிள்ளையைப் பதினைந்து நிமிடம் பார்க்கிறார், நீங்கள் ஆறு மணித்தியாலம் பார்க்கிறீர்கள். வேறு ஒரு வகையில், பிள்ளை வாயைச் சப்புக்கொட்டும், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. சிவப்புப் பேனையை எடுக்குமுன் ஒருமுறை யோசியுங்கள். முடிந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு கைபேசியில் ஒரு காணொளி எடுத்துக் கொடுங்கள். கிளினிக்கில் ஆயிரம் சொல்லி விளங்கப்படுத்த முடியாததை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

கேற்றடியில் நிற்கும் தாத்தாமாரையும் விட்டுவிடாதீர்கள். வலிப்பு சின்னப் பிள்ளைகளின் வருத்தம் என்று நினைக்கிறோம். புதிதாக அது தொடங்குவது பிள்ளைப் பருவத்திலும் அறுபதுக்கு மேலும்தான் அதிகம். பாரிசவாதம் வந்து போன மூளையில் அந்த வடு வலிப்பைக் கிளப்பிவிடும். என் மாமனாருக்கு அப்படித்தான். பேசிக்கொண்டே இருந்து நிறுத்துவார், சாரத்தின் கரையைப் பிடுங்கிக்கொண்டிருப்பார், கொஞ்ச நேரம் கழித்து “இது யார் வீடு?” என்பார். வயதாகிவிட்டது, மறதி என்று ஒரு வருடம் விட்டுவிட்டோம். வலிப்புக்காரியான நானே விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சின்ன அளவில் ஒரு குளிசை தொடங்கியதும் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கத்தில், ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குக் கடும் காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் இந்த நோயே இல்லை. அந்த அம்மாமாருக்கு அதைச் சொன்னாலே பாதி உயிர் திரும்பி வரும்.

அடுத்தது பெயர். கால் கை வலிப்பு என்பதுதான் மருவிக் காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள். அது எப்படியோ போகட்டும். நான் திரும்பிப் பாடசாலைக்குப் போனபோது பின் வாங்கிலிருந்து “கா... கா...” என்று கத்தினார்கள். ஒரு தவணை முழுக்க. வகுப்பாசிரியருக்குக் கேட்கும் தூரம்தான். திரும்பிப் போனபோது என்றேன் இல்லையா, இடையில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். “சுகமான பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுகம் என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா என்னைக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். கையில் நூலும் கட்டினார், அந்த நூல் கட்டிய கையில்தான் இரண்டு வேளையும் குளிசையையும் வைத்தார். ஒன்றுக்காக மற்றதை விடவில்லை. நடராசரின் காலடியில் ஒரு குறள் உருவம் கிடக்குமே, முயலகன், அதன் வடமொழிப் பெயர் அபஸ்மாரம். வலிப்பு நோய்க்கும் அந்த இரண்டு பெயரும் பழைய காலத்தில் இருந்தன. சுவாமி அவனை மிதித்துக்கொண்டு நிற்கிறாரே தவிர, கொல்லவில்லை. “அமத்தி வச்சிருக்கிறார், பாத்தியே. காலை எடுத்தால் எழும்பிடுவான்” என்றார் அம்மா. குளிசை எப்படி வேலை செய்கிறது என்று அதைவிட நன்றாக எனக்கு எந்த வைத்தியரும் விளங்கப்படுத்தவில்லை. 2022இல் காலை எடுத்தவள் நான்தான்.

உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த வருத்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 வீதம் வரையானோர் வலிப்பே இல்லாமல் இருக்கலாம். இந்த 70ஐத்தான் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். கொழும்பில் இருக்கும் நமக்கு இதில் சாக்குச் சொல்லவும் இடமில்லை. தேசிய வைத்தியசாலையில் வலிப்புக்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது, பொரளையில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் போகும் தூரம்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பேச்சு தேவை. நித்திரை குறைவதும் குளிசை தவறுவதும்தான் எங்களுக்கு முதல் எதிரிகள். இரவு ஒரு மணிவரை படிப்பு, காலை ஆறு மணிக்கு டியூஷன், வெறும் வயிற்றோடு பஸ். பரீட்சை நெருங்க நெருங்க வலிப்பு கூடுகிறது என்றால் அதில் என்ன அதிசயம்? நோன்பு காலத்திலும் கந்தசஷ்டி விரதத்திலும் குளிசை நேரம் மாறும். நோன்பு தொடங்கிய பிறகு இல்லாமல், முதலிலேயே வைத்தியரிடம் கேட்க வேண்டும். கணினி, தொலைக்காட்சி வெளிச்சம் எல்லாருக்கும் ஆகாது என்பதும் பிழை. மினுங்கும் வெளிச்சத்தால் வலிப்பு வருவது எங்களில் நூறு பேரில் மூன்று பேர் அளவுக்குத்தான். மற்ற 97 பேரையும் கணினி அறையிலிருந்து வெளியே இருத்த வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மாமாருக்கும் ஒரு விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டும். சோடியம் வல்புரோவேட் என்ற மருந்து பலருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் கர்ப்ப காலத்தில் எடுத்தால், பத்துக்கு ஒரு குழந்தை அளவில் பிறவிக் குறையோடு பிறக்கிறது, பத்துக்கு மூன்று நாலு பேருக்கு வளர்ச்சியில் பாதிப்பு வருகிறது. இதைக் கேட்டுப் பயந்து தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. கலியாணத்துக்கு முதலே, கர்ப்பத்துக்கு முதலே வைத்தியரிடம் மாற்று மருந்து பற்றிப் பேச வேண்டும். நான் பேசினேன், மாற்றினார்கள், என் மகள் தரம் 9இல் கூடைப்பந்து விளையாடுகிறாள். ஆனால் எத்தனை பெண்கள் இதைப் பேச முடியாமல் இருக்கிறார்கள் தெரியுமா? வருத்தத்தை மறைத்துக் கட்டிக்கொடுத்தால், புகுந்த வீட்டில் குளிசையையும் மறைக்க வேண்டும். மறைத்தால் தவறும். தவறினால் விழுவாள். இந்தியாவில் 1999 வரை வலிப்பைக் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாது என்று சொல்லச் சட்டத்திலேயே இடமிருந்தது. அவர்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் தரகர்மாரின் கொப்பியை யார் திருத்துவது? நான் பெண் பார்க்க வந்தவரிடம் பல்லைக் காட்டிக் கதையைச் சொன்னேன். “எனக்கும் ஒரு காது கொஞ்சம் மந்தம்” என்றார் அவர். இன்றைக்கும் நான் கூப்பிடும்போதெல்லாம் அந்தக் காதைத்தான் திருப்புகிறார், அது வேறு கதை.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

மார்ச் 26 ஊதா நாள். கனடாவில் ஒரு சிறுமி 2008இல் தொடங்கியது. அன்று ரிப்பன் குத்திப் படம் எடுத்துப் போட்டால் யாருக்கும் நட்டமில்லை. பயனும் அதிகமில்லை. அதற்குப் பதிலாகத் தவணைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் தாருங்கள். சுவரொட்டி வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். ஒரு ஆசிரியர் பாயில் படுக்கட்டும், பிள்ளைகள் அவரைச் சரித்துப் படுக்க வைத்துப் பழகட்டும். ஒரு பிள்ளை நேரம் பார்க்கட்டும், ஒரு பிள்ளை கூட்டத்தை விலக்கட்டும், ஒரு பிள்ளை துவாயால் மூடட்டும். டீச்சரைப் புரட்டுவது என்றால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோருக்கும் இதே அரை மணி. வான் சாரதிகளையும் கூப்பிடுங்கள், அவர்களுக்குத் தேநீர் ஒன்று கொடுத்தால் வருவார்கள்.

வருத்தம் உள்ள பிள்ளையை மேடையில் ஏற்றிக் காட்ட வேண்டாம். யாருக்கு இருக்கிறது என்பது வகுப்பாசிரியருக்கும், பிள்ளை விரும்பும் இரண்டு சிநேகிதருக்கும் தெரிந்தால் போதும். வைத்தியர் அவசர மருந்து ஏதும் தந்திருந்தால், அதை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று பெற்றோரிடம் எழுத்தில் வாங்கி அலுவலகத்தில் வையுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றும் அங்கே இருக்கட்டும்.

சுற்றுலாவுக்குக் கூட்டிப்போங்கள். தரம் 9இல் என் வகுப்பு பேராதனைப் பூங்காவுக்குப் போனது, நான் போகவில்லை. “பொறுப்பெடுக்க ஏலாது” என்றார்கள். நீச்சலுக்குக் கண் வைத்திருக்க ஒருவர், உயரத்தில் ஏறாமல் ஒரு கவனம், இரவு தங்கினால் குளிசைப் பெட்டி, குளியலறைக் கதவை உள்ளே பூட்டாமல் சாத்தினால் போதும் என்ற ஒரு சொல். இவ்வளவுதான் பொறுப்பு. நான் பேராதனையை முதல்முறை பார்த்தது 31 வயதில், மகளைத் தூக்கிக்கொண்டு.

எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் வருகிறேன். வேலை நாட்களில் பின்னேரம் 2 மணிக்குப் பிறகு என்றால் கடை முதலாளி விடுவார், கேட்டுவிட்டேன். பாயும் தலையணையும் நானே கொண்டுவருவேன். நீங்கள் செக்கன் முள் ஓடுகிற ஒரு மணிக்கூடு மட்டும் சுவரில் மாட்டி வைத்திருங்கள். பல பாடசாலை மண்டபங்களில் மணிக்கூடு நின்றுபோய்க் கிடப்பதைக் கண்டிருக்கிறேன், பற்றரி போட்டால் சரி. நான் பேசிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம், முன் வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று அதற்குள் தெரிந்திருக்கும்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்று எனக்குக் கிளினிக்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய மாணவி